வீட்டுப் பேர் என்ன மக்களே?

இதைப் படித்து முடித்ததும் 'நல்ல கற்பனை' என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லிவிடாதீர்கள். எனக்குக் கற்பனை வராது. நான் ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவன். இப்போது மஸ்கட்டில் இருக்கிறேன். என் மனைவியைத் தவிர யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தாலே பாதியில் எழுந்து போய்விடுவேன். பயத்தால் அல்ல... அது வேறு.

என் பெயர் ஷாஜன். தக்கலைப் பக்கம் ஊர். 2014-ல் அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். அங்கே நல்லவர்கள் நிறைய பேர் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள்.

நான் சேர்வதற்கு முன்பே அங்கே எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. பேரைத் தட்டினால் போதும். எப்போது வந்தார், என்ன நோய், என்ன மருந்து, எது ஒத்துக்கொள்ளாது, எல்லாம் திரையில் வந்துவிடும். சொல்லப்போனால் அது பெரிய உபகாரம். டாக்டர் கையெழுத்து புரியாமல் முழிக்க வேண்டாம். ஒத்துக்கொள்ளாத மருந்தை எழுதினால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும். நானே இரண்டு மூன்று தடவை அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துக் கையை இழுத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. திறந்திருப்பது அந்தப் பிள்ளையின் பக்கம்தானா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

அன்று அக்டோபர் 18. சனிக்கிழமை. மதியத்திலிருந்தே மழை. ஜன்னலுக்கு வெளியே வேளிமலையைக் காணவில்லை. வெள்ளையாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வார்டில் ஆறு கட்டில். ஐந்தில் பிள்ளைகள். மூன்றாம் கட்டில் மட்டும் காலி. உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே வாசல். அந்த வாசலை ஒட்டித்தான் என் மேஜை. ஈ பறந்தாலும் என்னைத் தாண்டித்தான் பறக்க வேண்டும்.

6.45 இருக்கும். காய்ச்சல் பார்க்க இரண்டாம் கட்டிலுக்குப் போனேன். அஜிஷா என்று நாலு வயதுக் குட்டி. டைபாய்டு. என்னைப் பார்த்ததும் கையில் கட்டியிருந்த பேர்ப் பட்டையை நீட்டினாள்.

"அண்ணா, நான் கரெக்டா சொன்னேன்."

"என்னது மக்களே?" எங்கள் பக்கம் ஒற்றைப் பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"எனக்க பேரு. அந்த மாமி கேட்டா."

"எந்த மாமி?"

அவள் வார்டின் அந்தக் கோடியைக் காட்டினாள். அங்கே யாரும் இல்லை.

"அந்த மாமி ஏன் அண்ணா அழுதுட்டே சிரிக்கா?"

காய்ச்சலில் பிள்ளைகள் எதையாவது சொல்லும். தெர்மாமீட்டரை உதறிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

நாலாம் கட்டில் பையனின் அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கேட்காமலே சொன்னாள்.

"இப்பம் ஆள் வந்து பேரெல்லாம் கேட்டுட்டுப் போச்சு தம்பி. வீட்டுப் பேரு என்னா, பள்ளிக்கூடத்துப் பேரு என்னான்னு ரெண்டு மட்டம் திருப்பித் திருப்பிக் கேட்டுச்சு. கவுண்டர்ல உள்ளவளா?"

"ஆமா, இருக்கும்" என்றேன். பரவாயில்லையே, கவுண்டரில் இருந்து மாடி ஏறி வந்து விசாரிக்கிறார்களே என்றுகூட நினைத்தேன்.

மேஜைக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

நான் ஐந்தரையிலிருந்து இந்த நாற்காலியில்தான் இருக்கிறேன். யாரும் உள்ளே போகவில்லை. யாரும் வெளியே வரவில்லை...

கவுண்டருக்குப் போன் அடித்தேன்.

"வார்டுக்கு ஆள் அனுப்பினீங்களா?"

"இல்லியே. இங்க நான் ஒருத்திதான் இருக்கேன்."

டொக். வைத்துவிட்டாள்.

7.10-க்கு அவசரப் பிரிவிலிருந்து ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆறு வயது. மண்டைக்காடு கடற்கரைப் பையன். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. கூட வந்தது பக்கத்து வீட்டுக்காரி. பூங்கனி என்று பேர். மீன் விற்றுவிட்டு வந்த சேலையோடு அப்படியே ஓடி வந்திருந்தாள். பையனின் அப்பா செல்வன் வள்ளத்தில் கடலுக்குப் போயிருக்கிறான். அம்மா பிரசவத்துக்கு நாகர்கோவிலில்.

காலியாக இருந்த மூன்றாம் கட்டிலில் படுக்க வைத்தோம். கையில் பட்டை கட்டியே அனுப்பியிருந்தார்கள். ஷிபு. த/பெ செல்வன். மண்டைக்காடு.

டாக்டர் குமாரதாஸ் பின்னாலேயே வந்தார். நல்ல டாக்டர், கையில் ராசி உள்ளவர். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். என் மேஜையில் திரையைப் பார்த்தார்.

"போன மாசம்கூட இங்க அட்மிட் ஆயிருக்கானே. இதே ஆம்பிசிலின் போட்டிருக்கு. ஒண்ணும் ஆகல்ல. டெஸ்ட் டோஸ் வேண்டாம் ஷாஜன், நேரம் போகும். உடனே ஆரம்பி."

ஆம்பிசிலின் பெனிசிலின் வகை. எல்லோருக்கும் போடுவதுதான். ஆனால் ஒத்துக்கொள்ளாத உடம்புக்குள் போனால் நிமிஷத்தில் தொண்டை வீங்கி மூச்சை அடைத்துவிடும்.

டாக்டர் அடுத்த வார்டுக்குப் போனார். நான் மருந்தைக் கலக்கினேன். பட்டையைப் பார்த்தேன். ஷிபு. திரையைப் பார்த்தேன். ஷிபு. சரியாக இருந்தது. பூங்கனி தண்ணீர் பிடிக்க வாசலுக்குப் போனாள்.

7.35.

ஊசியைப் பையன் கையில் ஏற்றியிருந்த மருந்துக்குழாயில் பொருத்தினேன். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. திரைச்சீலை படபடவென்று அடித்தது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றாள்.

நாற்பது வயது இருக்கும். காப்பிப்பொடி நிறத்தில் சேலை. கையில் ஒரு பழைய ஃபிளாஸ்க். எந்தப் பிள்ளையின் அம்மாவோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பையனின் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"மக்களே... இது வீட்டுப் பேரா?"

பையன் கண்ணைத் திறந்தான்.

"பள்ளிக்கூடத்துல என்னா பேரு மக்களே? நல்லா யோசிச்சு சொல்லு..."

மழைச் சத்தம் கேட்கவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது. கண்ணாடியில் தண்ணீர் ஓடியது. சத்தம் மட்டும் இல்லை.

திரைச்சீலை ஆடியது. என் சட்டைக் காலர் ஆடியது. அவள் சேலைத் தலைப்பு... ஆடவில்லை. ஒரு நூல்கூட ஆடவில்லை.

பையன் மூச்சுக்கு நடுவே சொன்னான்.

"ஆன்டணி... ரொமால்டு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

கன்னத்தில் கண்ணீர் ஓடியது. வாய் சிரித்தது.

என் விரல் ஊசியின் மேல் இருந்தது.

அழுத்தவில்லை.

எடுத்தேன்.

எப்படி மேஜைக்கு வந்தேன் என்று தெரியாது. ஆன்டணி ரொமால்டு என்று தட்டினேன். இரண்டு தடவை தப்பாக விழுந்தது. திரையில் வட்டம் சுற்றியது... சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது.

வந்தது.

ஆன்டணி ரொமால்டு. த/பெ செல்வன். மண்டைக்காடு. வயது ஆறு.

மேலே சிவப்புக் கட்டம்.

'பெனிசிலின் ஒவ்வாமை. 2013-ல் மருந்து செலுத்திய சில நிமிடங்களில் மூச்சு நின்றது. எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது.'

அதே ஊரில் இன்னொரு செல்வன். அவனுக்கும் ஷிபு என்று ஒரு மகன். எட்டு வயது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பையனின் பக்கம்.

"பூங்கனியக்கா!" என்று கத்தினேன். அவள் வாசலில்தான் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள்.

"இவனுக்க சர்ட்டிபிகேட் பேரு என்னா?"

"எனக்குத் தெரியாதே தம்பி. எல்லாரும் ஷிபுன்னுதான் விளிப்போம்."

"இப்பம் வெளிய போனது யாரு?"

"யாரு? நான் இங்கதான நிக்கேன். யாரும் போகல்ல."

மூன்றாம் கட்டிலைப் பார்த்தேன். பையன் மட்டும்தான். மழைச் சத்தம் திரும்பி வந்திருந்தது, தகரத்தில் கல்லைக் கொட்டுகிற மாதிரி.

டாக்டர் குமாரதாஸ் ஓடி வந்தார். திரையைப் பார்த்ததும் அப்படியே என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு வேறு மருந்து எழுதினார். பட்டையை வெட்டிவிட்டுப் புதுப் பட்டை கட்டினோம். விடியும்போது பையனுக்கு மூச்சு சீராகிவிட்டது. கஞ்சி கேட்டான்.

காலையில் செசிலி சிஸ்டர் வந்தார்கள். வார்டு இன்சார்ஜ். இருபது வருஷமாக அங்கே இருக்கிறவர்கள். நடந்ததை எல்லாம் சொன்னேன். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள்.

"ஏலே, ஒனக்கு யாரு சொன்னா அவனுக்கு வேற பேரு இருக்குன்னு?"

"ஒரு அம்மா, சிஸ்டர்."

"என்ன சேலை?"

"காப்பிப்பொடி கலரு..."

"கையில ஃபிளாஸ்க்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். செசிலி சிஸ்டர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கண் நிறைந்துவிட்டது.

"நேசபாய்" என்றார்கள்.

கம்ப்யூட்டர் வந்த புதிது. 2012. மயிலாடியில் இருந்து ஒரு அம்மா காய்ச்சலோடு தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதுதான் நேசபாய். கவுண்டரில் பேர் கேட்டிருக்கிறார்கள். பிள்ளை தோளில் துவண்டு கிடக்கிறது. பதற்றத்தில் வீட்டில் கூப்பிடுகிற பேரைச் சொல்லியிருக்கிறாள். ஜிஷா. முன்பு வந்தபோது பதிந்திருந்தது பள்ளிப் பேரில், பியூலா ராணி. ஜிஷா என்று தட்டியதும் இரணியல் பக்கத்து ஜிஷா ஒருத்தியின் பக்கம் திறந்திருக்கிறது. அதில் ஒவ்வாமை எதுவும் இல்லை. பியூலா ராணியின் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் திறக்கவே இல்லை. ஊசியைப் போட்டுவிட்டார்கள்.

"இதே வார்டு. இதே மூணாம் கட்டில். ஒம்பது வயசு" என்றார்கள் செசிலி சிஸ்டர். "அந்தப் பெத்த தள்ளை இந்தத் தரையில இருந்துட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லிட்டே இருந்தா. 'நான் பேர மாத்திச் சொல்லீட்டேன்... நான்தான் பேர மாத்திச் சொல்லீட்டேன்...'"

"யாரும் அவகிட்ட..."

"இல்லலே. பிறந்த தேதி கேக்காதது நாங்க. பிள்ளை முகத்தப் பாத்துப் பேரு கேக்காதது நாங்க. ஆனா 'இது ஒனக்க தப்பு இல்ல'ன்னு அவகிட்ட யாரும் சொல்லல்ல. சொன்னா ஆஸ்பத்திரி தப்புன்னு ஆயிரும்லா? மேல உள்ளவங்க வாயத் திறக்கக் கூடாதுன்னுட்டாவ. அவ சோறு தண்ணி இல்லாம அடுத்த வருஷமே போயிட்டா."

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிட அந்த முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அழுதுகொண்டே சிரித்த முகம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மயிலாடிக்குப் போனேன். யாராவது ஒருவர் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஜிஷாவின் அப்பா ஞானதாசன். சிலைப் பட்டறையில் கல் கொத்துகிறவர். வீட்டில் தனியாக இருந்தார். ஆலயத்துக்குப் போய்விட்டு வந்த வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். நான் எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னதும் முகம் இறுகியது. எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி. அது அவங்க தப்பு இல்ல. வீட்டுப் பேரு சொன்னது தப்பே இல்ல. நாங்கதான் கேக்க வேண்டியதக் கேக்கல்ல."

அவர் நின்றார். திரும்பாமலே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இத ஒருத்தன் அப்பமே வந்து சொல்லியிருந்தா..." என்றார்.

பிறகு உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னேன். வார்டு, மாறித் திறந்த இரணியல் ஜிஷாவின் பக்கம், அந்தப் பையன், அந்தப் பெண். சிரிப்பார், அல்லது துரத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இதுதான்.

"மெலிஞ்சு போயிருந்தாளா?"

"இல்ல அண்ணாச்சி. நல்லாத்தான் இருந்தாங்க."

"பிள்ளை கூட இருந்தாளா?"

"நான் பாக்கல்ல."

தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டார். உள்ளே போய் ஒரு சின்ன செல்போனை எடுத்து வந்தார். நேசபாயுடையது. சிம்மை மாற்றாமல் வைத்திருந்தார்.

"இதப் பாரு தம்பி. மூணு மாசத்துக்கு ஒருக்க வரும்."

பார்த்தேன். எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மெசேஜ்.

'பியூலா ராணி, உங்கள் பரிசோதனைக்கான நாள் வந்துவிட்டது. தவறாமல் வரவும்.'

பியூலா ராணி இறந்தது இரணியல் ஜிஷாவின் பக்கத்தில் ஏறியிருந்தது என்று செசிலி சிஸ்டர் சொல்லியிருந்தார்கள். அந்த ஜிஷாவுக்குப் புது நம்பர் கொடுத்துச் சமாளித்திருக்கிறார்கள். பியூலா ராணியின் பக்கத்தை யாரும் தொடவில்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். சாகவே இல்லை.

"அவ இருந்த வரைக்கும் இது வந்தா ஃபிளாஸ்க்குல வெந்நீர் எடுத்துட்டு பஸ் ஏறிருவா. போய் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல இருட்டுத வரை இருப்பா. நான் போய்க் கூட்டிட்டு வருவேன்" என்றார். "கடைசியா வந்தது போன வாரம் சனிக்கிழமை."

அக்டோபர் 18.

"இத நிப்பாட்டச் சொல்லீருதேன் அண்ணாச்சி."

"வேண்டாம்" என்றார் சட்டென்று. "அது வந்தா... ஒரு எடத்துலயாவது பிள்ளை இருக்கான்னு தோணும்."

பிறகு அவரே கேட்டார். "அந்த மற்றப் பிள்ளை... இரணியல் ஜிஷா. அவளுக்கு ஒண்ணும் வராதுல்லா?"

உண்மையைச் சொன்னேன். அவளுடைய பழைய விவரமெல்லாம் இறந்துபோனதாகப் பூட்டிய நம்பருக்குள் கிடக்கிறது. நாளைக்கு அவள் அவசரமாக வந்தால் டாக்டர் பார்க்கிற பக்கம் காலியாக இருக்கும்.

ஞானதாசன் போனை இரண்டு கைக்குள்ளும் மூடிக்கொண்டார்.

"அப்போ மாத்திரு மக்கா. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது. எனக்க பிள்ளை செத்துப் போனான்னே எழுதீரு."

திங்கட்கிழமை செசிலி சிஸ்டரும் நானும் மேலிடத்தில் போய் நின்றோம். டாக்டர் குமாரதாஸும் கூட வந்தார். வேலை போனாலும் பரவாயில்லை என்று செசிலி சிஸ்டர் எல்லாவற்றையும் உரக்கப் பேசினார்கள். வேலை போகவில்லை. கவுண்டரில் பிறந்த தேதியும் வீட்டுப் பேரும் கேட்க வேண்டும், ஊசிக்கு முன் நோயாளியின் வாயால் பேர் கேட்க வேண்டும் என்று அன்றே உத்தரவு வந்தது. இரண்டு பக்கத்தையும் திருத்தச் சொல்லியும் வந்தது.

கம்ப்யூட்டர் பிரிவில் ஜான்ரோஸ் இருந்தான். இரணியல் ஜிஷாவின் விவரங்களை அவளுக்கே மாற்றினான். பிறகு பியூலா ராணியின் பக்கத்தைத் திறந்தான். மரணம் என்று பதிய வேண்டும்.

அவன் கை நின்றது.

"இவ செத்து ரெண்டு வருஷம் ஆச்சுன்னியே?"

"ஆமா."

"முந்தின வாரம் வந்திருக்கா."

குனிந்து பார்த்தேன். கடைசி வருகை: 18.10.2014. மாலை 6.38.

"யாரு பதிஞ்சா?"

"அதான் தெரியல்ல. பதிஞ்சவங்க பேரு இல்ல. மெஷின் நம்பர் மட்டும் இருக்கு." அவன் குரல் இறங்கிப்போயிருந்தது. "பகல்ல மட்டும் திறக்குத ஓ.பி. கவுண்டர் மெஷின். அந்தச் சனிக்கிழமை அஞ்சு மணிக்கு நானே ஆஃப் பண்ணிக் கதவப் பூட்டினேன். சாவி எனக்க பைக்குள்ள இருந்துச்சு."

நான் அந்த வரிகளைப் படித்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அப்படியே தெரிகிறது.

பெயர்: பியூலா ராணி. ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை.

வந்த காரணம்: அந்த இடம் காலி.

உடன் வந்தவர்: அம்மா.